எழுதுகிறவர் வீடியோ போட்டால் புத்தகம் விற்குமா?

கரிசல்வாசி, 14 ஜூன் 2025

என் முதல் நாவல் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பதிப்பாளர் போன் செய்யும்போதெல்லாம் "சார், யூடியூபில் ஏதாவது போடுங்க, எல்லாரும் போடறாங்க" என்கிறார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வீடியோ பார்க்கிறவன் பார்க்கிறவனாகவே இருப்பான். கதை தெரிந்துவிட்ட பிறகு அவனுக்குப் புத்தகம் எதற்கு? நான் கேமரா முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் அடுத்த நாவலை யார் எழுதுவது? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "முயற்சி திருவினையாக்கும்" வகையறா வேண்டாம்.

நூல்கண்டு, 14 ஜூன், இரவு

செய்து பார்த்தவள் சொல்கிறேன். விற்கும். உங்கள் பதிப்பாளர் நினைக்கிற அளவுக்கு விற்காது. நீங்கள் பயப்படுகிற மாதிரியும் ஒன்றும் ஆகிவிடாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. முதல் தொகுப்புக்கு நான் செய்த விளம்பரம் ஃபேஸ்புக்கில் அட்டைப்படம் போட்டதுதான். வாழ்த்து குவிந்தது. வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் வாங்கவில்லை. வாங்கியவர்களில் எத்தனை பேர் பிரித்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது தொகுப்புக்கு வீடியோ. முதலில் டிரைலர் செய்தோம். தெரிந்த பையன் ஒருவன் வயலின், மழை, ஓடுகிற ரயில் எல்லாம் சேர்த்துக் கொடுத்தான். என் கதைகளில் ரயிலே கிடையாது. பார்த்தவர்கள் "சூப்பர் எடிட்டிங்" என்று அவனைப் பாராட்டினார்கள். அவனுக்கு இரண்டு கல்யாண ஆர்டர் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு சேனலில் பேட்டி. "எப்படி எழுத வந்தீங்க?" என்று ஆரம்பித்து "இளைஞர்களுக்கு நீங்க சொல்ல விரும்புவது?" என்று முடிந்தது. நடுவில் என் கதை எதன் பெயரும் வரவில்லை.

கடைசியில் வேலை செய்தது, புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசித்ததுதான். முன்னுரை இல்லை, ரயில் இல்லை. உட்கார்ந்து வாசித்தேன். மீதியை நாளை எழுதுகிறேன். சனிக்கிழமை, இன்று சம்பள நாள், கை ஓய்ந்துவிட்டது.

நூல்கண்டு, 15 ஜூன்

எந்தப் பக்கத்தை வாசிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லோரும் முதல் பக்கத்தை வாசிக்கிறார்கள். முதல் பக்கம் கண்ணால் படிக்கிறவருக்காக எழுதியது, மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். காதுக்கு அது சரிவராது. சிலர் உச்சக்கட்டத்தை வாசிக்கிறார்கள். முன்கதை தெரியாதவனுக்கு யாரோ எதற்கோ அழுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் எடுத்தது 47ஆம் பக்கம். செக்கிங் டேபிளில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பீஸ் பார்க்கிற இடம். ஒருத்தி ஓட்டை இருக்கிறதா என்று பனியனுக்குள் கையை விட்டு விரலை விரித்து வெளிச்சத்துக்குப் பிடிக்கிறாள். அந்த விரல்களுக்கு நடுவில் எதிரே இருப்பவளின் முகம் தெரிகிறது. அவள் காதில் நேற்று வரை இருந்த தோடு இன்று இல்லை. இவள் பார்த்துவிட்டாள், கேட்கவில்லை. பீஸை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். இரண்டு ஆள், ஒரு இடம், கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. காதுக்கு அது போதும். திரையில் கதைப் பெயரையும் "பக்கம் 47" என்பதையும் மட்டும் எழுதினேன். அந்த எண்ணைப் போட்டதற்கு அப்போது பெரிய காரணம் எதுவும் இல்லை, கணக்கு எழுதுகிற பழக்கம்.

கமெண்டில் முதலில் வந்த கேள்வி "தோடு எங்க போச்சு?" கதையைச் சொன்னால் புத்தகம் விற்காது என்கிறீர்கள். கதையை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள், கரிசல்வாசி தம்பி. (தம்பிதானே? அண்ணனாக இருந்தால் மன்னிக்கவும்.)

நூல்கண்டு, 15 ஜூன், மறுபடி

என்ன புடவை கட்டிக்கொண்டு வாசித்தேன் என்று கேட்ட அன்பருக்கு: எந்த ஆண் எழுத்தாளரிடமாவது சட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? ஆனாலும் சொல்கிறேன். நைட்டி. இடுப்புக்கு மேலே துப்பட்டா.

நூல்கண்டு, 18 ஜூன்

கேமரா எது, லைட் எது என்று நிறையக் கேள்விகள். கேமராவை விடுங்கள், கையில் இருக்கிற போனே போதும். படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் சரியில்லை என்றால் பத்து நொடியில் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போகிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் பேசினால் கல்யாண மண்டபத்தில் பேசுவது போல எதிரொலிக்கும். மொசைக் தரை, வெறும் சுவர், இரும்பு பீரோ. மெத்தையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், போர்வைக்குள் போய்ப் பார்த்தேன். போர்வைக்குள் சத்தம் நன்றாக வந்தது, எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

ஒரு நாள் ஸ்டாக் எடுக்க கம்பெனி குடோனுக்குப் போனேன். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குத் துணி ரோல். மேனேஜர் கூப்பிட்டார், அவர் குரல் வேறு மாதிரி கேட்டது. பக்கத்தில் வந்து காதில் பேசுகிற மாதிரி. துணி எதிரொலியை விழுங்கிவிடுகிறது. ரேடியோ ஸ்டூடியோச் சுவரில் காசு கொடுத்து ஒட்டுவதை இங்கே லாரியில் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டேன். "கதை வாசிக்கவா?" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. அதன் பிறகு வாசித்ததெல்லாம் அங்கேதான்.

உங்களுக்குக் குடோன் கிடைக்காது. துணி அடைத்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். போன் முகத்திலிருந்து தள்ளி இருந்தால் காலர் மைக் ஒன்று வாங்குங்கள், வாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் சத்தம் நம் காதுக்குப் பழகிவிட்டதால் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வாசிக்கிற பக்கத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து மேசையில் பரப்பி வையுங்கள், புத்தகத்தைக் கையில் பிடித்தால் தாள் திருப்புகிற சத்தம் இடி மாதிரி விழும்.

அப்புறம், ஒத்திகை. எழுதும்போது தெரியாத நீள வாக்கியம் வாசிக்கும்போது மூச்சைப் பிடிக்கும். "அந்த", "ஒரு" எல்லாம் எத்தனை தேவையில்லாமல் கிடக்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. இப்போது கதையை அனுப்புவதற்கு முன்பே குடோனில் ஒரு தடவை வாசித்துவிடுகிறேன், ரெக்கார்டு செய்யாமல்.

நூல்கண்டு, 19 ஜூன்

மேலே ஒருவர் "ஷார்ட்ஸ் (யூடியூபின் குட்டி வீடியோ) அறுபது நொடிதான், உங்கள் இரண்டு நிமிடம் எடுபடாது" என்று எழுதியிருக்கிறார். அது பழைய கணக்கு. 2024 அக்டோபர் 15 முதல் போனை நிமிர்த்திப் பிடித்தோ சதுரமாகவோ எடுத்த வீடியோ மூன்று நிமிடம் வரை ஷார்ட்ஸாகப் போகும். ஒரு பக்கம் தாராளமாக அடங்கும்.

வேறொரு சிக்கல் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்டிலும் போடுகிற லிங்க்கைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. மோசடி லிங்க்குகளைத் தடுக்கச் செய்தார்கள், நம் லிங்க்கும் சேர்ந்து போயிற்று. பலர் இன்னும் "லிங்க் கீழே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருப்பது வெறும் எழுத்து.

நான் செய்வது: கதையின் மூன்று நான்கு பக்கத்தை நீள வீடியோவாகப் போடுகிறேன், வாங்குகிற லிங்க் அதன் டிஸ்கிரிப்ஷனில் முதல் வரியில். பிறகு அதிலிருந்து ஒரு பக்கத்தை ஷார்ட்ஸாகப் போட்டு, "தொடர்புடைய வீடியோ" என்று கேட்கிற இடத்தில் நீள வீடியோவைக் கொடுத்துவிடுகிறேன். அந்த இணைப்பு வேலை செய்யும்.

நூல்கண்டு, 23 ஜூன்

யூடியூபின் ஸ்டூடியோ ஆப்பில் ஒரு வரைபடம் வரும். எத்தனை பேர் எந்த நொடி வரை இருந்தார்கள் என்று. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும், கர்வம் கரையும்.

என் ஆரம்ப வீடியோக்களில் முதல் அரை நிமிடம் கிணற்றுச் சுவர் போலச் செங்குத்தாக இறங்கியது. அந்த அரை நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? "அனைவருக்கும் வணக்கம். நான் உங்கள்..." என்று ஆரம்பித்து பதிப்பாளருக்கு நன்றி, அட்டை வடிவமைத்தவருக்கு நன்றி, இந்த வாய்ப்புக்கு நன்றி. புத்தக வெளியீட்டு மேடைப் பழக்கம். மேடையில் எழுந்து போக முடியாது என்பதால் உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே கட்டைவிரல் போதும். இப்போது முதல் வாக்கியமே கதையின் வாக்கியம். பெயர், விலை, நன்றி எல்லாம் கடைசியில்.

இன்னொன்று. 47ஆம் பக்கத்து வீடியோவில் ஓரிடத்தில் வரைபடம் மேலே எழும்பி ஒரு திமில் தெரிந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு ஒரே சந்தோஷம். என் மிக நல்ல வாக்கியம் எதுவென்று ஜனங்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துப் போய்க் கேட்டேன். அந்த நொடியில் வெளியே ஒரு டெம்போ ஹாரன். "தோடு" என்ற சொல்லை அது விழுங்கியிருந்தது. என்ன இல்லை என்று கேட்கத்தான் எல்லோரும் பின்னால் போயிருக்கிறார்கள்.

நூல்கண்டு, 29 ஜூன்

டிக்டாக்கை இந்தியாவில் தடை செய்து இன்றோடு ஐந்து வருடம். 2020 ஜூன் 29. சம்பந்தமில்லாமல் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வருடங்களில்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் டிக்டாக்கில் வாசகர்கள் புத்தகத்தைக் கையில் வைத்து அழுது காட்டி, பத்து வருடத்துக்கு முன் வந்த நாவல்களெல்லாம் மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறின. கடைகளில் அதற்கென்று தனி மேசையே போட்டார்கள். அந்த அலையில் நாம் இல்லை. நமக்கு ரீல்ஸும் ஷார்ட்ஸும்தான். அங்கே அதைச் செய்தது எழுத்தாளர்கள் இல்லை, வாசகர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவரே தன் புத்தகத்தைப் பிடித்து அழுதால் நன்றாகவா இருக்கும்?

நமக்கு வேறு ஒன்று நடந்தது. கதை சொல்லல். திருவண்ணாமலையில் எழுத்தாளர் பவா செல்லதுரை, தன் முன்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு வேறு எழுத்தாளர்களின் கதைகளைச் சொல்ல, அது வீடியோவாகி, படிக்கிற பழக்கமே இல்லாத வீடுகளுக்குள் போனது. எங்கள் கம்பெனியில் பவர்டேபிள் (கரண்டில் ஓடுகிற தையல் மெஷின்) ஓட்டுகிற ஒரு அக்கா காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். சுருதி டிவி என்கிற யூடியூப் சேனல் மாதிரி இலக்கியக் கூட்டங்களைப் போய்ப் போய்ப் படம் பிடித்துப் போட்டவர்கள் இல்லையென்றால், சென்னையில் நடக்கிற கூட்டம் சென்னையோடு முடிந்திருக்கும். எஸ். ராமகிருஷ்ணனின் உலக இலக்கிய உரை ஒன்றைக் கேட்டுத்தான் நான் டால்ஸ்டாயையே வாங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கரிசல்வாசியின் கேள்விக்கு இங்கேதான் உண்மையான பலம் இருக்கிறது. கதை சொல்கிறவர் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறார், முடிவு உட்பட. அப்புறம் புத்தகம் எதற்கு? அந்தப் பவர்டேபிள் அக்காவிடம் கேட்டேன். "கதை தெரியும் கண்ணு, ஆனா அவரு சொன்ன மாதிரியேதான் புஸ்தகத்துல இருக்கான்னு பாக்கோணும்ல" என்றார். லைப்ரரியில் எடுத்துப் படித்திருக்கிறார். அவர் சொன்னதில் இல்லாத ஒரு நாய் கதையில் இருக்கிறதாம், அது ஏன் விட்டுப்போச்சு என்று எனக்கு விளக்கினார்.

ராமாயணம் முடிவு தெரியாமலா ஊரே உட்கார்ந்து கதாகாலட்சேபம் கேட்டது? முடிவு தெரிந்துவிடும் என்கிற பயம் துப்பறியும் கதைக்காரர்களுக்கு நியாயம். நமக்கு அவ்வளவு இல்லை.

ஆனால் எழுதியவரே தன் கதையைச் "சொல்வது" எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்து பார்த்திருக்கிறேன். சொல்லும்போது எழுதியதைவிட எளிதான, இனிப்பான ஒரு கதை வருகிறது. கேட்டவர் அதைத் தேடிக்கொண்டு புத்தகத்துக்கு வந்தால் ஏமாந்துபோவார். மற்றவர் சொன்னால் அது அவர் கதை. நாமே சொன்னால் நம் வாக்கியத்துக்கு நாமே போட்டி. அதனால்தான் வாசிப்பு.

நூல்கண்டு, 2 ஜூலை

"வாசிப்பெல்லாம் நூறு பேர் பார்ப்பார்கள், பெரிய அளவில் செய்தவர் உண்டா?" உண்டு, தமிழில் இல்லை.

ஜான் கிரீன் என்கிற அமெரிக்க நாவலாசிரியரும் அவர் தம்பி ஹாங்க்கும் 2007 ஜனவரி 1 முதல் ஒரு வருடம் ஒருவருக்கொருவர் எழுத்தில் எதுவும் அனுப்பிக்கொள்வதில்லை, யூடியூப் வீடியோவில்தான் பேசிக்கொள்வது என்று ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பி அரட்டை, அவ்வளவுதான். புத்தக விளம்பரம் இல்லை. வருடம் முடிந்தும் நிறுத்தவில்லை. 2012இல் ஜானின் நாவல் வந்தபோது முதல் அச்சு 1,50,000 பிரதியிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். முன்பதிவிலேயே, புத்தகம் வருவதற்குப் பல மாதம் முன்பே, அமேசான் பட்டியலில் முதலிடம் போயிருந்தது.

பிராண்டன் சாண்டர்சன் என்கிற அமெரிக்க நாவலாசிரியர் இன்னும் விசேஷம். பல்கலைக்கழகத்தில் எழுத்து சொல்லிக்கொடுக்கிற வகுப்புகளை அப்படியே யூடியூபில் இலவசமாகப் போட்டவர். 2022 மார்ச் 1ஆம் தேதி ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வீடியோ போட்டார். விஷயம் என்னவென்றால், கொரோனா காலத்தில் யாருக்கும் சொல்லாமல் கூடுதலாகப் புத்தகங்கள் எழுதிவிட்டாராம். அதில் நான்கு நாவலுக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்கிற நிதி திரட்டும் தளத்தில் வாசகர்களிடமே நேரடியாகப் பணம் கேட்டார். ஒரு மாதத்தில் சேர்ந்தது 4 கோடியே 17 லட்சம் டாலர். ஆதரவு தந்தவர்கள் 1,85,341 பேர்.

இதைப் படித்துவிட்டு "நானும் வீடியோ போட்டால்" என்று கனவு காண வேண்டாம். இருவருக்கும் வீடியோவுக்கு முன்பே நாவல்கள் இருந்தன, ஆங்கிலச் சந்தை இருந்தது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இரண்டு பேரும் வருடக்கணக்கில் விற்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். கேட்ட அன்று ஆள் இருந்தது. நம் ஆட்கள் வெளியீட்டு விழாவுக்கு முந்தின வாரம் சேனல் ஆரம்பிக்கிறார்கள், புத்தகக் காட்சி முடிந்த வாரம் விட்டுவிடுகிறார்கள்.

நூல்கண்டு, 8 ஜூலை

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "அக்கா சூப்பர், இந்தக் கதை பிடிஎஃப் கிடைக்குமா?"

முதலில் கோபம் வந்தது. நூற்றைம்பது ரூபாய்ப் புத்தகம், முதல் அச்சே இருநூறு முந்நூறு பிரதி போடுகிற காலம், அதிலும் ராயல்டி பத்து சதவீதம். ஏதோ பதில் எழுதி அழித்தேன். பிறகு அந்த ஆளின் பக்கத்தில் பார்த்தால் காலேஜ் முதலாமாண்டு பையன். பொருள் இலவசமாக வேண்டும் என்பதற்காக அவன் பிடிஎஃப் கேட்கவில்லை. புத்தகம் என்றால் போனில் வருகிற கோப்பு என்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடை எது, எப்படி வரவழைப்பது, தபால் செலவு எவ்வளவு, எதுவும் தெரியாது.

அதனால் இப்போது ஒவ்வொரு வீடியோவிலும் முதல் கமெண்டில் நானே எழுதி, மேலேயே நிற்கிற மாதிரி 'பின்' செய்துவிடுகிறேன்: புத்தகத்தின் பெயர், விலை தபால் செலவோடு, பதிப்பகத்தின் வாட்ஸாப் எண், ஜிபே உண்டு. "புத்தகம் வேண்டுவோர் தொடர்புகொள்க" என்று மொட்டையாக எழுதினால் யாரும் தொடர்புகொள்ள மாட்டார்கள். விலை தெரியாத கடைக்குள் நானும் நுழைய மாட்டேன்.

தபால் பற்றி: குறைந்த செலவில் பதிவுத் தபாலில் புத்தகம் அனுப்புகிற வசதியை 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், சின்னப் பதிப்பகங்களுக்கு அடி. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று புதிதாக ஒன்று வந்தது, அப்போது 300 கிராம் வரை 20 ரூபாய், மேலே வரி. பாடநூல், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கென்று சொல்கிறார்கள். உங்கள் புத்தகம் அதில் அடங்குமா என்று பதிப்பாளரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு என் பிரதி ஒன்றை அனுப்பினேன். எல்லோருக்கும் அனுப்ப மாட்டேன், யாரும் கேட்டு வராதீர்கள்.

நூல்கண்டு, 21 ஜூலை

கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குப் போய் வந்தேன். பதிப்பக ஸ்டாலில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார், என்னைக் கவனிக்கவில்லை. என் புத்தகத்தை எடுத்து நேரே 47ஆம் பக்கத்தைப் பிரித்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நின்றபடியே 48, 49 என்று கதையின் கடைசி வரை படித்தார். தோடு எங்கே போயிற்று என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகத்தை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டாலில் சமையல் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்.

வாசகர் கிடைத்தார், விற்பனை கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் இந்த இழையில் பாதி சண்டை. பதிப்பாளருக்கு வேண்டியது இரண்டாவது, நமக்கு முதலாவதும் கணக்கில் வரும்.

பேட்டியைப் பற்றி நான் முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அதே திருவிழாவில் ஒரு பெண் போனை நீட்டிக் கேள்வி கேட்டார். என் கதையைப் படித்திருந்தார். "அவ ஏன் கேக்கல? நானா இருந்தா கேட்டிருப்பேன்" என்றார். அதற்கு நான் பதில் சொல்ல, அவர் மறுக்க, ஐந்து நிமிடம் போனதே தெரியவில்லை. அவர் போட்ட அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து வாங்கியவர்கள் உண்டு. ஆக, படித்தவர் கேட்டால் பேட்டியும் வேலை செய்கிறது.

நூல்கண்டு, 3 ஆகஸ்ட்

"என் கதையே இல்லாமல் பழைய எழுத்தாளர்களை வாசித்தால் சேனல் வளருமே?" என்ற கேள்விக்கு: வளரலாம். உரிமையைப் பாருங்கள். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருடம் உரிமை உண்டு. 1948இல் இறந்த புதுமைப்பித்தனையோ 1954இல் இறந்த கல்கியையோ யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய மற்றவர்களையும் வாசிக்கலாம், பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீதிப் பேருக்கு அவரிடமோ குடும்பத்திடமோ கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். கேட்காமல் முழுக்கதையையும் வாசித்துப் போட்டுவிட்டு "இலக்கியச் சேவை" என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

மொழிபெயர்ப்புக்கு இன்னும் கவனம். மூல ஆசிரியர் இறந்து நூறு வருடம் ஆகியிருக்கலாம், தமிழில் பெயர்த்தவர் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடாதீர்கள். உரிமைக்காரர் கோரினால் விளம்பர வருமானம் அவருக்குப் போகும், சில சமயம் வீடியோவே போகும்.

நூல்கண்டு, 3 ஆகஸ்ட், சாப்பாட்டுக்கு அப்புறம்

விளம்பர வருமானம் என்றதும் இன்பாக்ஸில் நாலு பேர். விளம்பரத்தில் பங்கு வர வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள், அதோடு ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், இல்லை 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை ஓடியிருக்க வேண்டும். சிறுகதை வாசித்து அதை எட்டுகிறவர் எனக்கும் சொல்லித்தாருங்கள். என் சேனல் இதுவரை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது மேனேஜரின் மரியாதை மட்டும். இப்போதெல்லாம் குடோன் சாவியை அவரே கொண்டுவந்து தருகிறார்.

நூல்கண்டு, 17 ஆகஸ்ட்

கரிசல்வாசி தம்பி முதல் வீடியோவைப் போட்டுவிட்டு "பார்த்துச் சொல்லுங்க அக்கா, திட்டினாலும் பரவாயில்லை" என்கிறார். திட்டுகிறேன்.

முகம் இருட்டாக இருக்கிறது, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்பி உட்காருங்கள். ஃபேன் ஓடுகிறது. "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பிக்கிறீர்கள், இவ்வளவு எழுதியும்! வசனம் வருகிற இடத்தில் குரலை மாற்றி நாடகம் போடாதீர்கள், கிழவிக்குக் கிழவிக் குரல் வேண்டாம். வாக்கியத்திலேயே அவள் கிழவியாகத்தான் இருக்கிறாள்.

ஆனால் அந்தப் பருத்தி எடுக்கிற இடத்தில், முள் குத்தி விரலை வாயில் வைத்துக்கொண்டே அவள் கூலி பேசுகிறாளே, அங்கே நீங்கள் கேமராவை மறந்துவிட்டீர்கள். அடுத்த முறை அந்த வரியிலிருந்தே ஆரம்பியுங்கள். முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிடலாம். எழுதுவது யார் என்று கேட்டீர்களே, மாதம் ஒரு ஞாயிறு காலை போதும் இதற்கு. அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

நூல்கண்டு, 30 ஆகஸ்ட்

கடைசியாக வந்த இரண்டு கேள்விகளுக்கு.

ஒருவர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். எழுபதைத் தாண்டிய எழுத்தாளர், கேமராவைக் கண்டால் விறைத்துப்போகிறார். முகமே வேண்டாம். ஆடியோ மட்டும் எடுங்கள், அவர் கைப்பிரதித் தாள் ஒன்றைப் படம் பிடித்து அதன் மேல் ஓட விடுங்கள். ரெக்கார்டு ஆகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஆரம்பிக்கிற நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாம் பத்தியில் சகஜமாகிவிடுவார், முதல் பத்தியைத் திரும்ப வாசிக்கச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ஒருவர், வீடியோ பார்த்துப் புத்தகம் கேட்டால் தபால் செலவு புத்தக விலையைப் போல் பல மடங்கு ஆகிறது என்கிறார். நியாயம். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் உண்டு. பதிப்பாளரிடம் மின்னூல் உரிமை யார் கையில் இருக்கிறது என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் கையில் இருந்தால் ஏற்றிவிடுங்கள். நீள வீடியோவில் 'பின்' செய்த கமெண்டில் வாட்ஸாப் எண்ணுக்குக் கீழே "வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு" என்று அந்த லிங்க். என்னுடையதைப் போன வாரம்தான் ஏற்றினேன், விலை 99 ரூபாய்.